ஏழாம் லைன் கட்டை

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் மேஜை டிராயரைத் திறந்தபோது கட்டை ஒன்றுதான் இருந்தது. இரண்டு இருக்க வேண்டும். டிராயரை வெளியே இழுத்துக் கவிழ்த்தேன். ஊசிப் பெட்டி, சாக்கட்டி, டார்கெட் தாள்கள், பாதி தீர்ந்த தலைவலி மாத்திரை அட்டை. கோட் பையில் கைவிட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை துவைத்து மடித்த கோட், பையில் தூசி கூட இல்லை. அதற்குள் மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டன, இரண்டாவது வரிசையில் ஒருத்தி ஆணியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

கட்டை என்றால் வேறொன்றுமில்லை. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மரத்துண்டு, சிவப்புப் பெயிண்ட், வெள்ளையில் ஏழு என்று எண், ஒரு ஓட்டை, அதில் கோர்த்த நாடா. எங்கள் தையல் தொழிற்சாலையில் பாத்ரூம் போக வேண்டுமானால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டும். லைனுக்கு முப்பத்திரண்டு பெண்கள், இரண்டு கட்டை. காலையில் ஆணியில் மாட்டுவதும், யார் அடுத்தது என்று தீர்மானிப்பதும், மாலையில் எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டுவதும் சூப்பர்வைசர் வேலை. ஏழாம் லைனுக்கு சூப்பர்வைசர் நான். சூப்பர்வைசர்களுக்குக் கட்டை தேவையில்லை, கையை வீசிக்கொண்டு போகலாம். இதெல்லாம் ஒரு பெருமையா என்று கேட்காதீர்கள். ஏழு வருஷம் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்துவிட்டு, நான்கு வருஷமாகப் போடாமல் நடக்கிறவளுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

தொலைந்தால் ஆபீஸில் சொல்ல வேண்டும். கடைசியாக எடுத்தவள், தொலைத்தது நான்தான் என்று கையெழுத்துப் போட வேண்டும். வேறு கட்டை உடனே கிடைக்காது. "ஒரு மாசம் ஒண்ணை வச்சு ஓட்டட்டும், அப்பதான் பொறுப்பு வரும்" என்பது மேனேஜர் வேதவாக்கு. மரத்துண்டுக்கா பஞ்சம்? ஆனால் அவருக்கு அது மரத்துண்டு இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசியாகக் கட்டையை எடுத்தவள் காஜாக்காரி. சட்டைக்கு பட்டன் ஓட்டை போடும் காஜா மெஷினில் உட்காருகிறவள். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், பதினோரு வருஷம் முன்னால், ஒரே பெஞ்சில். எனக்கு சூப்பர்வைசர் கோட் கொடுத்த நாளிலிருந்து உள்ளே என்னை "மேடம்" என்பாள், உதட்டோரத்தில் ஒரு சிரிப்போடு. கேட்டைத் தாண்டியதும் "வா, போ" தான். அன்றைக்கு அவள் அதை மறந்துவிட்டாள்.

"நான் ஆணியில மாட்டினேன். உன் கண்ணு முன்னாடி மாட்டினேன்."

"மாட்டியிருந்தா கட்டைக்குக் காலா முளைச்சுது?"

"உனக்கு என்ன ஆச்சு? நல்லா யோசிச்சுப் பாரு. நீதான் எடுத்து வச்சிருப்ப."

முப்பத்தொரு பேருக்கு முன்னால் உனக்கு, நீ! எனக்கு வந்ததே கோபம். தாளை எடுத்துவந்து அவள் மெஷின் மேல் வைத்து, பேனாவைத் திறந்து கையில் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அது அவளுக்கு மூன்றாவது எச்சரிக்கை. இன்னும் ஒன்று விழுந்தால் வேலை போய்விடும். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் வாங்கினேன். போதாததற்கு, "தொலைச்சவ கடைசியாத்தான் போகணும்" என்று ஒரு சட்டமும் அந்த இடத்திலேயே போட்டேன். அந்தச் சட்டத்தை மேனேஜர் சொல்லித்தரவில்லை. சொந்தச் சரக்கு.

வீட்டில் வேறு ஒரு ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்தது. என் மகளுக்குப் பதினாறு வயது. அவள் அப்பா லாரியோடு கிளம்பினால் பத்து நாளைக்கு முகம் காட்டமாட்டார், வீட்டில் நானும் அவளும்தான். போன வருஷம் வரை தலைமுடிக்கு எந்த கிளிப் என்பதுதான் அவளுடைய உலகப் பிரச்சினை. பள்ளிக்கூடத்தில் மனித உரிமை மன்றம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள், அத்தோடு கிளிப்பெல்லாம் மறந்துபோயிற்று. பஸ்ஸில் மாணவர்களை உட்காரவிடாத கண்டக்டரோடு சண்டை. பையைச் சோதனை போடக்கூடாது என்று தலைமையாசிரியைக்கு இரண்டு பக்கக் கடிதம். அதற்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள், அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போய்த் தலைகுனிந்து நின்றேன். காலையில் நான் தலை சீவுவதற்குள் பேப்பரைப் படித்துவிட்டு, எந்த ஊரில் யாரைப் பிடித்து உள்ளே போட்டார்கள் என்று ஒப்பிப்பாள். நான் அவளுக்கு வக்கீலம்மா என்று பேர் வைத்தேன்.

மனித உரிமைகள் முப்பதையும் ஒரு பெரிய தாளில் எழுதி, எங்கள் பாத்ரூம் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தாள். "உட்கார்ந்திருக்கிற நேரத்துல படிச்சாலே போதும்மா" என்றாள். எனக்கு வீட்டு பாத்ரூமில் நிதானமாக உட்காருவது ஒரு சுகம், பகலெல்லாம் அடக்கி அடக்கி வந்த பழக்கம். வேறு வழியில்லாமல் படித்தேன். ஐந்தாவது, யாரையும் இழிவாக நடத்தக்கூடாது. எழுதினவர் எந்த லைனில் வேலை பார்த்தாரோ!

கட்டையைப் பற்றி அவளுக்குத் தெரியும். சாப்பிடும்போது சிரிப்புக்காக நான் சொன்ன கதைகள்தான். ஒருத்தி கட்டையோடு பஸ் ஏறிவிட்டது, இன்னொருத்தி கல்யாணமாகிப் போகும்போது கட்டைக்கு முத்தம் கொடுத்தது. அவள் சிரிக்கமாட்டாள். "நீயுமாம்மா அதை மாட்டிக்கிட்டுப் போற?" என்று ஒருநாள் கேட்டாள். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய். சின்னதுதான். மாட்டுகிறவள் இல்லை, கொடுக்கிறவள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், "கோட் பையில கட்டை ஏதாவது கிடந்துதா?" என்று அவளிடம் கேட்கவுமில்லை. என் வீட்டில் கோட் துவைப்பது அவள்தான். கேட்டால், உன்னிடம் எப்படி வந்தது என்று அவள் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த நாலு நாளில் நடந்ததெல்லாம் அந்தப் பயத்தில் நடந்ததுதான்.

ஒரு கட்டையை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு பேரை ஓட்டிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமையே பாதிப் பேர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கவில்லை. போனவள் திரும்புவதற்குள் நாலு பேர் கை தூக்குவார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்து யாருக்கு அவசரம் என்று முடிவு செய்ய வேண்டும். எல்லா முகமும் அவசரமாகத்தான் இருந்தது. காஜாக்காரி கை தூக்கவேயில்லை. கடைசி என்றால் கடைசி என்று குனிந்த தலை நிமிராமல் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு தடவை கை தூக்கியிருந்தால், "மேடம்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் எழுந்து போனார்கள், அவள் மட்டும் எழவில்லை. வீம்பு என்று நினைத்து, நாலு வார்த்தை கேட்கலாம் என்று கிட்டே போனேன். ஸ்டூலுக்குக் கீழே தரையில் ஈரம். மெஷின் கால் வரைக்கும் போயிருந்தது. அவள் மடியில் வெட்டுத் துணிகளை அள்ளிப் போட்டு வைத்திருந்தாள், கை இன்னும் மெஷின் மேல் இருந்தது.

"நீங்க போங்க மேடம்" என்றாள், என்னைப் பார்க்காமல். "எல்லாரும் போனதும் எந்திரிச்சுக்கிறேன்."

இந்த முறை உதட்டோரத்தில் சிரிப்பு இல்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? என் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டியிருக்கலாம். ஒரு வாளித் தண்ணீராவது கொண்டுவந்திருக்கலாம். போங்க என்றாள், போனேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், அப்படியே மூடினேன். திரும்பி வந்தபோது தரை துடைத்துக் காய்ந்திருந்தது. மெஷினுக்கு உறை போட்டிருந்தது. வியாழனும் வெள்ளியும் அவள் வரவில்லை. "திங்கட்கிழமை வந்து விளக்கம் குடுக்கலைன்னா பேரை எடுத்துடுங்க" என்றார் மேனேஜர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். சரி சார் என்றேன். எனக்கு வாயில் வேறு வார்த்தையே கிடையாது போல.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. வந்தே ஆக வேண்டும் என்று வக்கீலம்மா ஒரு வாரமாக அரித்தெடுத்திருந்தாள். பெரிய கூடத்தில் மேஜை மேஜையாக வைத்திருந்தார்கள். தெர்மாக்கோலில் ஒரு கோர்ட்டு, கம்பிக்குப் பின்னால் நிற்கிற காகித மனிதர்கள், வண்ண வண்ணச் சார்ட்டுகள். அவள் மேஜையில் சார்ட் எதுவும் இல்லை. ஒரு செருப்புப் பெட்டி, உள்ளே வெள்ளைத் துணி, மேலே கண்ணாடித் தாள். துணி மேல் என் கட்டை இருந்தது. அழுக்கு நாடாவைக்கூட அப்படியே வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய குண்டு எழுத்தில் ஒரு அட்டை: "முப்பத்திரண்டு பெண்களுக்கு இரண்டு. என் அம்மா இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிவறைக்குப் போக முடியும்."

அப்போதுதான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞாபகம் வந்தது. மணி அடித்ததும் இரண்டு கட்டையையும் ஆணியிலிருந்து எடுத்தேன். அந்த நேரம் பார்த்து உற்பத்திக் கணக்குத் தாளை நீட்டினார்கள். பேனா பிடிக்க ஒரு கை வேண்டுமே என்று ஒன்றை கோட் பையில் போட்டேன். காஜாக்காரி ஆணியில் மாட்டியிருந்தாள். என் கண் முன்னால்தான் மாட்டியிருந்தாள்.

யாரோ ஒரு பையனின் அம்மா அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பி, "நீங்கதான் அந்த அம்மாவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிம்மா தாங்கிக்கிறீங்க? பாவம்." என் மகள் பக்கத்தில் நின்று, கண்ணெல்லாம் மினுங்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது. கையை உருவிக்கொண்டு, கண்ணாடித் தாளைக் கிழித்து, கட்டையை எடுத்தேன்.

"அம்மா! என்ன பண்ற? அது இரண்டாவது பரிசு வாங்கியிருக்கு!"

நான் அவள் தோளைப் பிடித்து வெளியே வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"இதை எப்ப எடுத்த?"

"துணி துவைக்கும்போது. உன் கோட் பையில இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா குடுத்திருக்க மாட்ட. இதை எல்லாரும் பாக்கணும்மா. வெளியில யாருக்குமே தெரியலை."

"திருடிட்டு வந்து உரிமை பேசறியா? இது இல்லாம அங்க என்ன ஆச்சு தெரியுமா?"

சொன்னேன். ஒரு கட்டையோடு ஓடிய ஐந்து நாளையும், கையெழுத்தையும், அவள் கடைசியாகத்தான் போக வேண்டும் என்ற சட்டத்தையும், ஸ்டூலையும், ஈரத்தையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. "மரத்துண்டுதானேம்மா" என்றாள், அழுகிற குரலில். "ஒண்ணு காணோம்னா இன்னொண்ணு செஞ்சுக்குவாங்கன்னு நினைச்சேன். அந்த ஆன்ட்டியை யாரு கடைசியில போகச் சொன்னது? அந்த மேனேஜரா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு, பழம் நழுவிப் பாலில் விழுகிற மாதிரி. மேனேஜர் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"நான்தான்."

"நீயா?"

"நான் இதை மாட்டிக்கிறதில்லைடி. நாலு வருஷமாச்சு. நான்தான் எடுத்துக் குடுக்கிறவ. யாரு போகணும், யாரு போகக்கூடாதுன்னு சொல்றவ நான்தான்."

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள். அவளிடமிருந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கூடத்துக்குள் போய் மேஜையிலிருந்த அட்டையை எடுத்து, நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். "அவங்க வீட்டுக்குப் போலாம்" என்றாள். "நான் மன்னிப்புக் கேக்கணும்."

காஜாக்காரி வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. படிக்கட்டில் நின்றபடியே என் மகள் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். எடுத்தது நான், அம்மாவுக்குத் தெரியாது, நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் செஞ்சேன், மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. வழியெல்லாம் மனசுக்குள் எழுதித் திருத்திய பேச்சு என்று தெரிந்தது. காஜாக்காரி கேட்டுக்கொண்டாள், ஆனால் கண் முழுக்க என் மேல்தான் இருந்தது.

"அப்ப நான் ஆணியில மாட்டினது நிஜம்தான்னு இப்ப உனக்குத் தெரியுது."

"தெரியுது."

"இதை எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் திங்கக்கிழமையே தெரியுமே. எங்க கையெழுத்து வாங்கிட்டுப் போய்க் குடுத்தியோ, அங்க போய்ச் சொல்லு." பிறகு முதல் தடவையாக என் மகளைப் பார்த்தாள். "பரிசு குடுத்தாங்களா பாப்பா?"

"இரண்டாவது."

"அட. முதல் பரிசே குடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சத்தமில்லாமல்தான் சாத்தினாள்.

இறங்கி வரும்போது வக்கீலம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே அவங்க."

"நீ மன்னிப்புக் கேட்டதுக்கும் பரிசு வேணுமா?" என்று கத்தினேன். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளிடம் ஏன் கத்தினேன்? அவளுக்குச் சொன்னதில் முக்கால்வாசி எனக்குச் சேர வேண்டியது. நான் மட்டும் என்ன, அந்த மூன்று மாடியும் ஏறினது எதற்கு? பரவாயில்லை விடு என்று காஜாக்காரி வாயால் கேட்டுவிட்டால், திங்கட்கிழமை வாயைத் திறக்காமல் தப்பிக்கலாம் என்றுதான்.

மேனேஜரிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. கட்டையை வெளியே கொண்டுபோன சூப்பர்வைசர், பொய்யாக ஒருத்தியிடம் கையெழுத்து வாங்கிய சூப்பர்வைசர். கோட்டைக் கழற்றி மேஜை மேல் வைக்கச் சொல்வார். மறுபடியும் மெஷினில் உட்கார வேண்டும், அதுவும் விட்டால்தான். மறுபடியும் கை தூக்க வேண்டும், வேறு யாரோ ஒருத்தி என் முகத்தைப் பார்த்து எனக்கு அவசரமா இல்லையா என்று முடிவு செய்வாள். சொல்லாவிட்டாலோ ஒன்றும் ஆகாது. கட்டை மேஜைக்கடியில் கிடந்தது என்று சொல்லி ஆணியில் மாட்டிவிடலாம். காஜா மெஷினில் திங்கட்கிழமையே வேறு ஆள் உட்காரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்ரூம் கதவில் அந்தத் தாள் இல்லை. நாலு மூலையிலும் பசைத் தழும்பு மட்டும் இருந்தது. வெளியே வந்து பார்த்தால், குப்பைக்கூடையில் கை அகலத் துண்டுகளாகக் கிடந்தது.

"யாருடி கிழிச்சது?"

"நான்தான்." படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "என்ன பிரயோஜனம்? நம்ம வீட்டுக்குள்ளயே இல்லாததைக் கதவுல ஒட்டி வச்சு என்ன பண்றது? எல்லாம் சும்மா பேச்சு."

எனக்கு ஏன் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் அந்தத் தாளை ஒட்டிய நாளிலிருந்து கேலி பேசியவள் நான். இந்தப் பைத்தியம் தெளிந்தால் போதும் என்று நினைத்தவளும் நான்தான். "எந்திரி" என்றேன். போர்வையை இழுத்தேன். "எந்திரிடி! ஒரு வாரத்துல அலுத்துப்போறதுக்கா என் கோட் பையில கை விட்ட? அவ அங்க ஈரத்துல உட்கார்ந்தாளே, அது சும்மா பேச்சா? பொறுக்கி ஒட்டு எல்லாத்தையும்!"

"நீ போய்ச் சொல்லுவியா?" சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

துணி நனைக்கப் போய்விட்டேன். கோட்டை அன்றைக்கு நானே துவைத்தேன்.

திங்கட்கிழமை விடிகாலை பாத்ரூமுக்குப் போனபோது தாள் கதவில் இருந்தது. துண்டுகளைச் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்தாள். வரிசை மாறிப்போய், இருபதுக்கு அடுத்து ஒன்பது இருந்தது. ஐந்தாவதில் பாதியைக் காணவில்லை. நான் உட்கார்ந்து கடைசி வரை படித்தேன். கிளம்பும்போது அவள் வாசலில் பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்தாள். "அம்மா" என்றாள். "ஸ்கூலுக்கு நேரமாச்சு, போ" என்றேன்.

எட்டு மணிக்கு மெஷின்கள் ஓடத் தொடங்கின. ஒரு கட்டையை ஆணியில் மாட்டினேன். காஜா மெஷின் மேல் உறை அப்படியே கிடந்தது. இன்னொரு கட்டையை கோட் பையிலிருந்து எடுத்தபோது இரண்டாவது வரிசைக்காரி, "அய்யோ, கிடைச்சிடுச்சா மேடம்!" என்று சந்தோஷத்தில் பாதி எழுந்துவிட்டாள். என் கை ஆணி வரைக்கும் போனது. எட்டு மணி ஐந்து நிமிஷம் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் நாடாவை விரித்து, தலை வழியாக என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். நாலு வருஷத்தில் அதன் கனம் மறந்துபோயிருந்தது.

லைன் முழுக்க நடக்க வேண்டும், பாத்ரூமும் ஆபீஸும் கடைசியில்தான். ஓவர்லாக் மெஷின் நின்றது. அடுத்து காலர் மெஷின் நின்றது. ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வர, கட்டை என் கோட் பட்டனில் இடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. பாத்ரூமுக்குத் திரும்புகிற இடம் வந்தது. நான் திரும்பவில்லை. நேரே, கோடியில் இருந்த கண்ணாடி அறைக்குள் மேனேஜர் தாளிலிருந்து தலை நிமிர்ந்து, முதலில் என் கழுத்தைப் பார்த்தார்.